காலித் தொட்டிகளின் எடை

மோட்டாரின் பளுவைக் காட்டும் முள் நாற்பதில் நிற்க வேண்டும். பகல் மூன்று மணிக்கு அது இருபத்தைந்தில் நின்றது.

வேறு யார் பார்த்திருந்தாலும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஆறு வருடமாக அந்த முள்ளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு மட்டும் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி இருந்தது. மலை உச்சியில் தோண்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கு அடிவாரத்திலிருந்து கம்பியில் தொங்கியபடி தொட்டிகள் போகும். ஒரு பக்கம் பாரத்தோடு ஏறும், மறுபக்கம் காலியாக இறங்கும். ஏறுகிற பாரத்தை இழுக்கத்தான் மோட்டார் மூச்சு வாங்கும், முள் நாற்பதைத் தொடும். முள் தானாகக் கீழே வருகிறதென்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. காலியாக வர வேண்டிய பக்கமும் கனக்கிறது.

அவள் ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். காலையிலிருந்தே பனிமூட்டம். முதல் தூணுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து தொட்டிகள் ஒவ்வொன்றாக ஆடி ஆடி வந்தன. சக்கரங்களின் கிறீச் சத்தம் வழக்கத்தைவிட இழுவையாக, அடித்தொண்டையில் முனகுவதுபோல இருந்தது. அவற்றோடு சேர்ந்து ஒரு வாடையும் இறங்கி வந்தது. எண்ணெய்க் கிணற்று வாடை அவளுக்குப் பழக்கம், அழுகிய முட்டையும் டீசலும் கலந்தது. இது வேறு. மூடிவைத்துப் புளித்துப்போன பால், அதன்மேல் வியர்வை, ரொம்ப நாள் கழற்றாத காலுறை.

அழுக்கென்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஒரு நாளைக்கு இருபது முறை கை கழுவுவாள், யாராவது எச்சில் பண்ணிய டம்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரோ சேறு கலக்குகிறவர். கிண்டலில்லை, அதுதான் அவர் உத்தியோகம். கிணற்றைத் தோண்டும்போது குழாய்க்குள் கனமான சேற்றை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் வாயு பீறிட்டு எல்லோரையும் தூக்கி எறிந்துவிடும். அந்தச் சேற்றைப் பதமாகக் கலப்பவர் அவர். மேலே எல்லோரும் அவரைச் 'சேறு' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். "கட்டின பொண்டாட்டி கையால தினமும் அபிஷேகம், யாருக்குக் கிடைக்கும்?" என்பார் அவர்.

பன்னிரண்டு நாளாக அந்தக் குரல் ஃபோனில்தான். மழையில் மலைச்சாலை சரிந்து, பாதி ரோடு பள்ளத்தில் கிடந்தது. மேலே சிக்கிய ஒன்பது பேருக்கும் வெளியுலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு இந்தக் கம்பிதான். சேறு கலக்கும் பொடி மூட்டை, சிமெண்ட், டீசல், குடிதண்ணீர் எல்லாம் இவள் கைவழியாகத்தான் ஏறின.

மேல் நிலையத்தோடு பேசும் லைன் ஃபோனின் கைப்பிடியைச் சுற்றினாள். எடுப்பதற்கு ரொம்ப நேரமானது.

"என்னங்க, நேத்து ஒண்ணு ரெண்டு தொட்டியிலதான் சேறு வந்துச்சு, இப்ப இறங்கற பக்கம் முழுக்கக் கனக்குதே. என்னத்த ஏத்தி விடறீங்க?"

"சேறுதான்மா." குரல் அவருடையதுதான். ஆனால் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. "கிணறு திருப்பித் தருது."

அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியானது. போன வாரம் முழுக்க அந்தக் கிணறு குடித்துக்கொண்டே இருந்தது. அடியில் எங்கோ பாறை வெடித்துப் பிளந்திருக்கிறது, ஊற்றுகிற சேறெல்லாம் போன இடம் தெரியவில்லை. அப்படி நேர்ந்தால் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு அந்தப் பிளவை அடைப்பார்கள். உமி, மரத்தூள், கிழிந்த சாக்கு, பஞ்சு. அதுவும் பற்றாமல், ஊரிலிருக்கும் முடிதிருத்தும் கடைகளிலெல்லாம் கூட்டி அள்ளி, பதினெட்டு மூட்டை மயிர் அனுப்பியிருந்தாள். அந்த மூட்டைகளைத் தொட்ட கையோடு அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை.

"அப்ப அடைஞ்சிடுச்சா?"

"அடைஞ்சிடுச்சு. ஆனா கொடுத்ததுக்கு மேல தருது. இங்க வைக்க இடமில்ல. காலித் தொட்டியில அனுப்பறோம். குழியில கொட்டிடு."

"கொட்டாம என்ன, கட்டிவச்சா கும்புடுவாங்க? அது தானாக் கொட்டுது. நாத்தம் தாங்கல. இன்னொண்ணு, மணிய எதுக்கு அஞ்சு அஞ்சா அடிக்கறீங்க? நேத்துலேர்ந்து எட்டுத் தடவை அடிச்சாச்சு. நானும் நிறுத்தி நிறுத்திப் பாக்கறேன், தொட்டியில ஆளே இல்ல."

மேலிருந்து மணி ஒருமுறை அடித்தால் நிறுத்து. இரண்டு என்றால் ஓட்டு. ஐந்து என்றால் தொட்டியில் ஆள் வருகிறார். சாமானுக்கான வழியில் ஆள் ஏறக் கூடாது, ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் ஐந்து மணி. அப்போது வேகத்தைக் குறைத்து, கவிழ்க்கும் தண்டவாளத்துக்கு முன்னால் தொட்டியைப் பூட்டி நிறுத்தி, ஆளை இறக்க வேண்டும். பூட்டாவிட்டால் தொட்டி தலைகீழாகக் கவிழ்ந்து, உள்ளே இருப்பதைக் குழியில் கொட்டிவிட்டுப் போய்விடும். எட்டு முறையும் அவள் விதிப்படி நிறுத்தினாள். எட்டு முறையும் விளிம்புவரை சேறுதான். மழையில் மணிக் கம்பி உரசுகிறது என்று முடிவுகட்டி, பூட்டை எடுத்து, போகவிட்டாள்.

"வந்தாங்களே," என்றார் அவர்.

"யாரு?"

பானையில் கஞ்சி கொதிப்பதுபோல ஏதோ சத்தம் மட்டும் வந்தது.

"சரி விடுங்க. சாப்டீங்களா?"

"சாப்டறதா?" அந்தச் சொல்லை முதன்முறை கேட்பவர்போலச் சொன்னார். "இல்லம்மா. இப்பல்லாம் வேண்டியிருக்கறதில்ல."

"நீங்க எப்ப இறங்குவீங்க? எல்லாரையும் கம்பி வழியா இறக்கலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களே."

"எல்லாரும் இறங்கட்டும். கடைசியா நான்."

ஃபோனை வைத்தபோது அவள் கை பிசுபிசுத்தது. அது தன் வியர்வைதான். இருந்தாலும் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வெளியே மூட்டை ஏற்றுகிறவன் அவளைக் கூப்பிட்டான். பொடி மூட்டையைத் தொட்டாலே பத்துப் பதினைந்து தும்மல் போடுவான் என்பதால் அவனுக்குப் பெயரே தும்மல்தான். முப்பது வயது ஆள், பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பவன்.

"அக்கா, குழி நெரம்பிடுச்சு. கொஞ்சம் வந்து பாருங்க."

குழி நிலையத்துக்கு அடியில் இருந்தது, சிமெண்ட் சுவர் வைத்து, ஒரு வீட்டு அறை அளவுக்கு. தொட்டிகளைக் கழுவும்போது வழிகிற அழுக்குக்காகக் கட்டியது. எப்போதும் முழங்கால் ஆழம்கூட இருக்காது. இப்போது சுவரின் மேல் விளிம்புக்கு ஒரு சாண்தான் குறைவு. ஆறவைத்த பாலில் ஆடை படிவதுபோல மேலே சாம்பலும் ரோஜாவும் கலந்த நிறத்தில் ஒரு தோல் படிந்திருந்தது. அந்தக் குளிரில் அதிலிருந்து லேசாக ஆவி பறந்தது. அவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாடை மூக்கு வழியாக வராமல் வாய் வழியாக வந்தது. நாக்கில் உப்புக் கரித்தது.

தும்மல் மண்வெட்டியை உள்ளே விட்டு ஒரு கட்டியைத் தூக்கினான். அதிலிருந்து கறுப்பாக மயிர் தொங்கியது.

"கருமம்," என்றாள் அவள். "நாம அனுப்பினதுதான். அதையும் சேத்துக் கக்கியிருக்கு."

"அதான் நானும் நெனச்சேன்." அவன் சிரிக்க முயன்றான். "ஆனா நாம அனுப்பினது கடையில வெட்டினது. எல்லாம் துண்டு துண்டா இருந்துச்சு. இது முழம் நீளம் இருக்கு."

கையுறை போட்ட விரலால் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தான். மண்வெட்டியில் இருந்த கட்டி மயிர் முளைத்த இடத்தில் சிறு சிறு கூம்புகளாக மேலெழும்பியது. யாராவது நம் தலைமுடியைப் பிடித்து இழுத்தால் மண்டைத் தோல் எழும்புமே, அப்படி. அவன் விட்டதும் மெதுவாகப் படிந்தது.

"போட்ரு அதை," என்றாள் அவள். "போட்டுட்டுத் தண்ணி அடிச்சு வெளிய தள்ளு. பாக்கவே சகிக்கல."

அவன் கட்டியைக் குழிக்குள் உதறிவிட்டுக் குழாயைத் திறந்தான். மலை ஓடைத் தண்ணீர், ஐஸ் மாதிரி இருக்கும். அது மேலே படிந்திருந்த தோலில் போய் விழுந்தது.

தோல் புல்லரித்தது.

தண்ணீர் பட்ட இடத்திலிருந்து நான்கு பக்கமும், அந்த அறை அகலத்துக்கும், பொடிப் பொடியாகப் புள்ளிகள் எழும்பிக்கொண்டே போயின. குளித்துவிட்டுக் காற்றில் நிற்பவர் கையில் எழும்புவது போலவே. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பூனைமயிர் விறைத்து நின்றது. பிறகு குழி முழுவதும் ஒருமுறை நடுங்கியது.

தும்மல் வாந்தி எடுத்தான். குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடி, டீசல் பீப்பாயில் முழங்கைவரை கையை விட்டுத் தேய்த்தான். தோல் சிவந்து கன்றிப்போகும்வரை தேய்த்தான்.

"அக்கா, மோட்டாரை நிறுத்துங்க. வாங்க, போயிடலாம். வண்டியில ஏறுங்க."

"அவர் மேல இருக்காரு."

"மேல யாருக்கா இருக்காங்க?" அவன் குரல் உடைந்தது. "எட்டுத் தடவை அஞ்சு மணி அடிச்சுது. எட்டுப் பேரு ஏறியிருக்காங்க. அவங்க எங்கக்கா?"

அவள் குழியைப் பார்த்தாள்.

அந்தக் கணக்கு நேற்றிலிருந்தே அவளுக்குள் இருந்திருக்க வேண்டும். இப்போதுதான் முழுசாக உறைத்தது. ஐந்து மணி அடித்தது. அவள் நிறுத்தினாள், முகம் சுளித்தாள், பூட்டை எடுத்தாள். எட்டுப் பேரையும் அவள்தான் அந்தக் குழியில் கொட்டினாள். எட்டாவது முறை கொட்டும்போது 'சனியன்' என்று வேறு சொன்னாள்.

தும்மலின் பைக் சத்தம் பனிமூட்டத்தில் கரைந்தது. ஆபீசில் சொல்லி யாரையாவது அழைத்து வருவதாகக் கத்திவிட்டுப் போனான். ஆபீஸ் முக்கால் மணி நேரத் தூரம்.

அவள் படியேறி உள்ளே வந்து, கதவைச் சாத்தி, மோட்டாரை நிறுத்தும் சிவப்புப் பொத்தான்மேல் கையை வைத்தாள். அப்போது மணி அடித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.

ஃபோனும் அடித்தது.

"ஏறிட்டேன்மா," என்றார் அவர். "வந்துட்டிருக்கேன்."

பொத்தானை அழுத்தினால் தொட்டி நடுவழியில், பள்ளத்துக்கு மேல், பனியில் தொங்கும். அவர் உயிரோடு இருந்தால்? உடம்பெல்லாம் சேறு பூசி, குளிரில் விறைத்து, ஆனால் உயிரோடு இருந்தால்? அழுத்தாமல் ஓடிப்போனாலோ, பூட்ட ஆளில்லாமல் தொட்டி நேராகப் போய்க் கவிழும். அவரும் அந்தக் குழிக்குள் போவார். அவள் நின்றே ஆக வேண்டும். வேகத்தைக் குறைத்தாள். ஆள் வரும் வேகத்தில் மேலிருந்து கீழே வரப் பதினேழு நிமிடம்.

"பத்திரமா உட்காந்திருக்கீங்களா? விளிம்பைப் பிடிச்சுக்கங்க. எட்டிப் பாக்காதீங்க."

"சரிம்மா."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லைன் ஃபோன் மேல் நிலையத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கும். தொட்டியில் ஃபோன் கிடையாது.

"என்னங்க."

"ம்."

"நீங்க தொட்டியிலதானே இருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப ஃபோன்ல பேசறது யாரு?"

"நான்தான்." குளுக் என்று ஏதோ வெடித்தது. "கொஞ்சம் இங்க இருக்கேன். கொஞ்சம் அங்க வரேன். கொஞ்சம் கீழ கெணத்துல இருக்கேன். ரொம்ப எடமிருக்கும்மா கீழ. இத்தனை நாளா ஊத்தினோமே, எல்லாம் அங்கதான் இருக்கு. எதையும் வீணாக்கல."

அவள் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. வைத்துவிட்டால் அவர் குரல் இந்த உலகத்திலேயே இல்லாமல் போய்விடும் என்று பட்டது. காதில் ஒட்டியிருந்த இடம் வெதுவெதுப்பானது. ரிசீவரின் துளைகளிலிருந்து அந்தப் புளித்த வாடை வந்தது. அவளுக்குக் குமட்டியது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றன.

பத்து நிமிடம் ஆயிற்று. பதினான்கு. ஃபோன் வயர் நீளமானது, தொட்டி வந்து நிற்கும் மேடைவரை வரும். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பூட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள்.

வெள்ளையில் ஒரு கறுப்பு. அது பெரிதானது. கிறீச். கிறீச்.

தொட்டி வந்தது.

பூட்டினாள். நின்றது.

உள்ளே தலை தெரியவில்லை. தோள் தெரியவில்லை. விளிம்புவரை சேறு. ஆவி பறந்தது. மேலே தோல் படிந்திருந்தது. அவர் இடது புருவத்தின் ஓரத்தில் ஒரு மச்சம் உண்டு. அது இருந்தது. மூன்று இடத்தில் இருந்தது.

"வந்துட்டேனா?" என்றது ஃபோன்.

தொட்டியில் குமிழிகள் வெடித்தன. ஒரு சொல்லுக்கு ஒரு குமிழி. குமிழி முதலில். சொல் பிறகு.

அவள் பூட்டுக் கம்பியை இறுகப் பிடித்தாள்.

"கையக் குடும்மா. இறக்கி விடு."

தோல் ஒரு இடத்தில் உப்பியது. கிழிந்தது. ஒரு விரல் வந்தது. நகமில்லை. பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நான்கு. ஐந்து. நிற்கவில்லை. ஆறு. ஏழு. கொஞ்சம் யோசித்தது. எட்டு. எல்லாம் வேறு வேறு நீளம். காற்றில் துழாவின.

"சரியா இருக்கா?" என்றது ஃபோன். "பாத்துச் சொல்லு. இத்தனைதானே?"

அவள் கை நீண்டிருந்தது. எப்போது நீட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அருவருப்பு உடம்பு முழுக்க நெளிந்தது. ஆனால் அது அவர் குரல். பன்னிரண்டு நாள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

விரல்கள் அவள் கையைக் கண்டுபிடித்தன. சூடு. வழவழப்பு. அவை பிடிக்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவின. கட்டைவிரல். அடுத்தது. அடுத்தது. நகத்தைத் தடவின. மூட்டைத் தடவின. எண்ணின.

"ஓ," என்றது ஃபோன். "அஞ்சா."

மூன்று விரல்கள் சேற்றுக்குள் போயின. மிச்சம் ஐந்து. அவை மெலிந்தன. நீண்டன. நகம் முளைத்தது. அவள் கண்ணெதிரே, அவள் கைக்குள், அது அவள் கையாகவே ஆனது.

பிடித்துக்கொண்டது.

அவளுக்குக் கீழே, குழியில், தோல் கிழிகிற சத்தம் கேட்டது. எட்டு முறை. அவள் மேடை விளிம்பு வழியாகப் பார்த்தாள். எட்டுக் கைகள் சேற்றிலிருந்து எழும்பி மேல்நோக்கி நீண்டிருந்தன, மெலிந்த, நீளமான, சுத்தமான நகமுள்ள கைகள், ஒவ்வொன்றிலும் சரியாக ஐந்து விரல், எட்டும் அவளுடைய கைதான்.